‘வீடியோவை எடுத்துடு’ என்று அதிகாரி போன் செய்தால் எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

ஏற்காடு மலைக்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊர்ச் செய்திகளுக்கென்று முகநூலில் ஒரு பக்கம் நடத்துகிறார். ஊர் மேல்நிலைத் தொட்டியைக் கழுவி நாளாகிவிட்டது என்று, ஏணி வழியாக மேலே ஏறி உள்ளே படிந்திருந்த பாசியையும், தொட்டித் தூணில் பெயின்டில் எழுதியிருந்த கடைசியாகக் கழுவிய தேதியையும் செல்போனில் பிடித்து, ஒன்றே முக்கால் நிமிட வீடியோவாகப் போட்டிருக்கிறார். மறுநாள் காலை ஒரு அலுவலகத்திலிருந்து போன். “தம்பி, அத உடனே எடுத்துடுப்பா, மேல இருந்து கேக்கறாங்க. எடுக்கலைன்னா சைபர் கிரைம்ல கேஸ் ஆயிடும், அப்புறம் நீதான் அலையணும்.” பயந்துபோய் எடுத்துவிட்டார். இப்போது மனசு கேட்காமல் இரண்டு விஷயம் கேட்கிறார். அப்படிச் சொல்ல அந்த அதிகாரிக்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டா? தான் எடுக்காமல் விட்டிருந்தால், அவர்கள் ஃபேஸ்புக் கம்பெனியிடமே நேராகச் சொல்லி எடுக்க வைத்திருக்க முடியுமா?

நான் சேலம் நீதிமன்றத்தில் வக்கீல். இதே போன் கதையைப் பல பேர் வாயால் கேட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. போனில் சொன்ன அந்த வார்த்தைக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது. நீங்கள் எடுக்காமல் இருந்தால் ‘உத்தரவை மீறினாய்’ என்று ஒரு குற்றம் உங்கள் மேல் வராது, ஏனென்றால் அங்கே உத்தரவு என்று ஒன்று இல்லவே இல்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் அவ்வளவு சுலபம் இல்லை. வழி இருக்கிறது, குறுகலான வழி, ஆனால் ஆபத்து முழுக்க அந்த வழியில்தான் இருக்கிறது. முதலில் முதல் கேள்வியை முடிப்போம்.

அரசியலமைப்பின் 19(1)(அ) நமக்குப் பேச்சுரிமை தருகிறது, 19(2) அதற்கு வேலி போடுகிறது. அந்த வேலியில் இருப்பவை எண்ணி எட்டு: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். 2023 ஜனவரி 3 அன்று கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, இந்தப் பட்டியலுக்கு வெளியே போய்ப் புதிதாக ஒரு காரணத்தைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டது. ‘ஆபீஸுக்குக் கெட்ட பேர்’, ‘மேல இருந்து கேக்கறாங்க’ இரண்டும் அந்த எட்டில் எங்கேயும் இல்லை.

சரி, எட்டில் ஒன்றுக்குள் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு அதிகாரி தன் இஷ்டத்துக்கு வாயை அடைத்துவிட முடியாது. 19(2)-இல் இருக்கிற முக்கியமான சொல் ‘சட்டம்’. சட்டத்தின் மூலமாக மட்டும்தான் கட்டுப்பாடு போடலாம். பள்ளியில் தேசிய கீதம் பாடவில்லை என்று கேரளாவில் மூன்று பிள்ளைகளை வெளியே அனுப்பினார்களே, அந்த பிஜோ இம்மானுவேல் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் உடைத்துச் சொன்னது. பிள்ளைகளை அனுப்பக் காரணமாக இருந்தது கல்வித்துறைச் சுற்றறிக்கை. துறைச் சுற்றறிக்கை சட்டம் ஆகாது, அதை வைத்து அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது என்று பிள்ளைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. கையெழுத்தும் முத்திரையும் உள்ள சுற்றறிக்கைக்கே அந்தக் கதி என்றால், காலையில் வந்த ஒரு போனுக்கு என்ன பலம் இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் நம் சேலத்துக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. நம் ஊர்க்காரர்களிலேயே பாதிப் பேருக்கு அது தெரியாது என்பதில் எனக்கு வருத்தம், அதனால் சொல்லிவிடுகிறேன். 1950 பிப்ரவரி 11, குடியரசாகி பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. சேலம் மத்திய சிறைக்குள் கம்யூனிஸ்ட் கைதிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, 22 பேர் செத்தார்கள். அதற்குப் பதினெட்டு நாள் கழித்து, மார்ச் 1 அன்று, பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் நுழையவே கூடாது என்று மாகாண அரசு உத்தரவு போட்டது. கையில் வைத்திருந்தது 1949-ஆம் வருடத்துப் பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டம். அதை எதிர்த்து ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். மே 26-இல் பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பு, அந்தத் தடை செல்லாது என்றது. பேச்சுரிமை பற்றி உச்ச நீதிமன்றம் தந்த முதல் தீர்ப்புகளில் ஒன்று அது. அதற்கு அடுத்த வருடமே அரசு முதலாவது அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்து ‘பொது ஒழுங்கு’ என்ற காரணத்தைச் சேர்த்துக்கொண்டது, ஆனால் கூடவே கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற சொல்லும் உள்ளே வந்தது. இன்றைக்கு நாம் பிடித்துக்கொண்டு வாதாடுகிற கயிறு அந்த ஒரு சொல்தான்.

அதே சிறையோடு முடிந்த இன்னொரு ஆளின் கதையில், நம் தம்பியின் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. ஆட்டோ சங்கர். ஆறு கொலை வழக்கில் மரண தண்டனை பெற்று, 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டவர். அவர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடப் போவதாக அறிவித்தது. அதில் சில போலீஸ் அதிகாரிகளுக்கும் மற்ற அதிகாரிகளுக்கும் அவரோடு இருந்த தொடர்பு பற்றியெல்லாம் வரும் என்று பேச்சு. உடனே 1994 ஜூன் 15 தேதியிட்டு சிறைத்துறை ஐ.ஜி.யிடமிருந்து இதழுக்கு ஒரு கடிதம் போனது: இது பொய், விதிகளுக்கு விரோதம், வெளியிடாதே, வெளியிட்டால் நடவடிக்கை. கவனியுங்கள், அது கோர்ட் உத்தரவு இல்லை, அரசாணை இல்லை, ஒரு உயர் அதிகாரியின் கடிதம். ஆசிரியர் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வருடம் அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பில், வெளியாகும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் தருகிற சட்டம் எதுவும் இல்லை என்றார்கள். தன்னைப் பற்றி அவதூறு வரும் என்று அதிகாரி பயந்தாலும் முன்கூட்டியே வாயை அடைக்க முடியாது, வெளிவந்த பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதோடு நிறுத்தவில்லை. அரசு ஊழியர் தன் வேலை சம்பந்தமாக வந்த விமர்சனத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட வேண்டுமானால், எழுதியது பொய் என்பதோடு, உண்மையா பொய்யா என்று கொஞ்சமும் பார்க்காமல் எழுதினார் என்பதையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும் என்று உயரமான ஒரு படியையும் வைத்தார்கள்.

தொட்டித் தூணில் பெயின்டில் எழுதியிருக்கிற தேதியைப் படம் பிடித்துப் போட்ட ஒருவரை இந்தப் படியில் ஏறிப் பிடிப்பது லேசான காரியம் இல்லை.

அப்படியானால் யாருக்குத்தான் அதிகாரம்? சிலருக்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. நீதிமன்றம் உத்தரவிடலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் மத்திய அரசு ஒரு பதிவை முடக்கச் சொல்லலாம். ஆனால் அந்தப் பிரிவில் இருக்கிற காரணங்கள் 19(2)-இல் இருப்பதைவிடவும் குறைவு. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு மாதிரியானவை மட்டும்தான் உண்டு, அவதூறு அதில் கிடையாது. 2009-ஆம் வருடத்து விதிகளின்படி மாநில அரசிலிருந்து கோரிக்கை போனால் அதற்கென்று நியமித்த தொடர்பு அதிகாரி வழியாக டெல்லிக்குப் போக வேண்டும், அங்கே ஒரு குழு பார்க்க வேண்டும், காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், பதிவு போட்டவரைக் கண்டுபிடிக்க முடிந்தால் அவர் தரப்பையும் கேட்க வேண்டும். அவசரம் என்றால் முதலில் முடக்கிவிட்டுப் பிறகு குழு பார்க்கலாம் என்றும் இருக்கிறது, அதைத்தான் அடிக்கடி பயன்படுத்துகிறார்கள் என்பது என் குறை. எப்படியிருந்தாலும் சேலம் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு எந்த அலுவலகமும் 69ஏ உத்தரவு போட முடியாது.

மாவட்ட அளவில் இருக்கிற ஒரே கத்தி, பழைய 144. இப்போது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கிற பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 163. கலெக்டரோ கோட்டாட்சியரான ஆர்டிஓவோ அவசர நிலையில் எழுத்துப்பூர்வமாக ஒரு தடையுத்தரவு போடலாம், சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் அது நிற்காது. காஷ்மீர் இணையத் துண்டிப்பு பற்றிய அனுராதா பசின் வழக்கில், 2020 ஜனவரியில், நியாயமான கருத்தை அடக்குவதற்கு இந்தப் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும், மக்கள் அதை எதிர்த்துப் போக வழி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, உங்கள் தொட்டி வீடியோவுக்கு யாராவது 163 போட்டார்களா? இல்லை. போன்தான் போட்டார்கள்.

ஏன் போன் என்று யோசித்துப் பாருங்கள். தாளில் எழுதிக் கொடுத்தால் அதில் ஒரு பெயர், ஒரு பதவி, ஒரு பிரிவு, ஒரு தேதி இருக்கும். அதை எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-இல் ரிட் மனு போடலாம். போனில் சொன்னால் ‘நான் எங்கே சொன்னேன்? பையன்கிட்ட நல்லதுக்கு ரெண்டு வார்த்தை பேசினேன்’ என்று சொல்லிவிடலாம். நீதிமன்றத்துக்குப் போக முடியாத கட்டளைதான் அவர்களுக்குச் சௌகரியமான கட்டளை. எனக்கு இதில் இருக்கிற கோபமே இதுதான். சட்டப்படி தடுத்தால்கூட எதிர்த்து வாதாடலாம், இது வாதாடவே இடம் தராமல் தடுக்கிற வேலை.

அடுத்தது ‘கேஸ் ஆயிடும்’ என்ற மிரட்டல். இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு காலத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது, ‘எரிச்சல்’ உண்டாக்கினாலே குற்றம். 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் அதை முழுசாகத் தூக்கிவிட்டார்கள். தூக்கிய பிறகும் பல மாநிலங்களில் போலீஸ் அதே பிரிவில் கேஸ் போட்டுக்கொண்டே இருந்ததால், 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, அதில் யாரையும் வழக்கு விசாரணைக்கு உட்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட வேண்டி வந்தது. இப்போது அந்த இடத்துக்கு மிரட்ட வேறு சில பிரிவுகள் வந்திருக்கின்றன.

அவதூறு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் சட்டத்தில் 356. இதில் போலீஸ் தானாக எஃப்ஐஆர் போட முடியாது, பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். அரசு ஊழியரின் பொது நடத்தையைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அந்தப் பிரிவிலேயே விதிவிலக்கு. அரசாங்கமே பத்திரிகைகள் மேல் வரிசையாக அவதூறு வழக்குப் போட்ட காலம் தமிழ்நாட்டில் உண்டு. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு கட்டு வழக்குகளை மொத்தமாக ரத்து செய்து, ஜனநாயகத்தின் குரல்வளையை நெரிக்க அரசு அவதூறுச் சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றது. ‘அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தான்’, இது 221. சம்பந்தப்பட்ட ஊழியரோ அவருடைய மேலதிகாரியோ எழுத்தில் நீதிமன்றத்துக்குப் புகார் தராமல் நீதிபதி அதைக் கையில் எடுக்கவே முடியாது. வீடியோ போட்டது எந்தப் பணியைத் தடுத்தது என்றும் காட்ட வேண்டும், தொட்டி கழுவுவதையா?

மிச்சம் இருப்பது 353, வதந்தி பரப்பி மக்களைப் பதற்றப்படுத்துவது. சைபர் கிரைம் என்று மிரட்டுகிறவர்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது இதைத்தான். இதற்கு மூன்று வருடம் வரை தண்டனை உண்டு. ஆனால் சமூக ஊடகத்தில் ஒரு கவிதை போட்டதற்காக எம்.பி. ஒருவர் மேல் குஜராத்தில் போட்ட வழக்கை 2025 மார்ச் 28 அன்று ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. பேச்சு, எழுத்து சம்பந்தமான புகாரில், தண்டனை மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் வருகிற குற்றம் என்றால், எடுத்த எடுப்பில் எஃப்ஐஆர் போடாமல் பிஎன்எஸ்எஸ் 173(3)-இன்படி டிஎஸ்பி அனுமதியோடு பதினாலு நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்திப் பார்ப்பதே முறை என்றார்கள். சொன்ன சொல்லை, எதற்கெடுத்தாலும் ஆடிப்போகிற ஆளின் காதால் கேட்கக் கூடாது, நிதானமும் திடமும் உள்ள மனிதரின் காதால் கேட்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

மலை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நம் ஏற்காடு இல்லை, திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலை. குடும்பத்தோடு அங்கே போன ஒருவர் படங்களைப் போட்டு, ‘துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலை பயணம்’ என்கிற மாதிரி விளையாட்டாக ஒரு வரி எழுதினார். வாடிப்பட்டி போலீஸ் அதற்குக் கேஸ் போட்டது, அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயத்தம் என்கிற அளவுக்கு. 2021 டிசம்பரில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதைத் தூக்கி எறிந்தார், அரசியலமைப்பில் சிரிப்பதையும் ஒரு கடமையாகச் சேர்க்கலாம் என்று எழுதினார். தீர்ப்பு இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் அதற்காக உயர் நீதிமன்றம் வரை ஏறி இறங்க வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. எட்டு வழிச்சாலைக் காலத்தில், 2018-இல், நம் மாவட்டத்திலேயே பேசியதற்காகக் கைதானவர்களைப் பார்த்திருக்கிறோம். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்று நான் சொல்வது, அலைச்சலே இருக்காது என்று அர்த்தம் இல்லை.

இப்போது இரண்டாவது கேள்வி, கம்பெனியிடம் நேராகச் சொல்லி எடுக்க வைப்பது.

ஃபேஸ்புக், யூடியூப், எக்ஸ் மாதிரிக் கம்பெனிகளுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு ஒரு கவசம் கொடுத்திருக்கிறது. பயனர் போட்டதற்கு அவர்கள் பொறுப்பில்லை. அரசு முறைப்படி அறிவித்த பிறகும் எடுக்காவிட்டால் அந்தக் கவசம் கழன்றுவிடும். கம்பெனிக்காரன் இடத்தில் நின்று பாருங்கள். ஏற்காட்டில் ஒரு தொட்டி வீடியோ இருந்தால் என்ன, போனால் என்ன? அதற்காக வழக்கை இழுத்து மேலே போட்டுக்கொள்வானா? எடுத்துவிட்டுப் போய்விடுவான். அதனால்தான் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பில், கம்பெனி தன் இஷ்டத்துக்கு எது சரி எது தப்பு என்று தீர்மானிக்க வேண்டியதில்லை, நீதிமன்ற உத்தரவோ அரசின் முறையான அறிவிப்போ வந்தால் போதும், அந்த அறிவிப்பும் 19(2)-க்குள் இருக்கிற விஷயமாக இருக்க வேண்டும் என்று கோடு கிழித்தார்கள்.

அந்தக் கோட்டின் மேல்தான் இப்போது சண்டை நடக்கிறது. 2024-இல் மத்திய உள்துறை ‘சஹயோக்’ என்று ஒரு இணையவாசல் திறந்தது, அதன் வழியாக, பதிவை எடுக்கச் சொல்லும் 79(3)(பி) நோட்டீஸ்கள் கம்பெனிகளுக்கு நேராகப் போகின்றன. 69ஏ-வில் இருக்கிற குழு, மறுபரிசீலனை எதுவும் அங்கே இல்லை. எக்ஸ் கம்பெனி கர்நாடக உயர் நீதிமன்றம் போனது, 2025 செப்டம்பர் 24 அன்று மனு தள்ளுபடி ஆனது. அந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்புதல் இல்லை, ஷ்ரேயா சிங்காலில் கிழித்த கோட்டை அது அழிக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதற்கு அடுத்த மாதமே அரசு தன் விதியைத் திருத்த வேண்டி வந்தது. 2025 நவம்பர் 15 முதல், இப்படி நோட்டீஸ் அனுப்புகிறவர் இணைச் செயலாளர் அந்தஸ்துக்குக் கீழே இருக்கக் கூடாது, அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் இயக்குநர் அந்தஸ்து. போலீஸ் என்றால் அதற்கென்று அதிகாரம் பெற்ற டிஐஜிக்குக் கீழே கூடாது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, என்ன காரணம், எந்தச் சுட்டி என்று நோட்டீஸில் எழுத வேண்டும். ஆக, ஒன்றிய அலுவலகமோ தாலுகா அலுவலகமோ, ஏன் இன்ஸ்பெக்டரோ எஸ்பியோகூட, தன் மேசையிலிருந்து அந்த நோட்டீஸை அனுப்ப முடியாது. மற்ற எல்லோரும் செய்வதுபோல ‘ரிப்போர்ட்’ பொத்தானை அழுத்தலாம், அது யாருக்கும் உண்டு.

தன்னைப் பற்றிய செய்தி பொய்யா என்று அரசே தீர்ப்புச் சொல்ல ஆசைப்பட்ட கதையும் உண்டு. 2023 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்து, தன் சொந்தச் செயல்பாடு பற்றிய பதிவுகளைத் தன்னுடைய உண்மை சரிபார்ப்புக் குழுவே ‘பொய்’ என்று முத்திரை குத்தலாம், குத்தினால் கம்பெனியின் கவசம் ஆட்டம் காணும் என்று வைத்தது. நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா பம்பாய் உயர் நீதிமன்றம் போனார். 2024 ஜனவரியில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள், செப்டம்பரில் மூன்றாவது நீதிபதி சந்துர்க்கர் விதி செல்லாது என்ற பக்கம் நின்றார். புகார் சொல்லப்பட்டவனே நீதிபதி நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது நம் ஊர்ப் பஞ்சாயத்தில்கூடத் தெரிந்த நியாயம்தான்.

இடைத்தரகன் கழுத்தில் கை வைத்து எழுதுகிறவன் வாயை மூடுவது இணையம் வந்த பிறகு பிறந்த வித்தை இல்லை. அமெரிக்காவில் ரோட் தீவு மாநிலத்தில் ஒரு கமிஷன் இருந்தது. ‘ஆட்சேபகரமான’ புத்தகம் என்று ஒரு பட்டியல் போட்டுப் புத்தக விநியோகஸ்தருக்குக் கடிதம் எழுதும், ஒத்துழைப்புக்கு முன்கூட்டியே நன்றி சொல்லும், கொஞ்ச நாளில் ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்து ‘என்ன செஞ்சீங்க?’ என்று விசாரித்துவிட்டுப் போவார். தடையுத்தரவு எதுவும் இல்லை. ஆனாலும் 1963-இல் பான்டம் புக்ஸ் வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இது மறைமுகத் தணிக்கை என்று தடுத்தது. 2024 மே மாதம் வுல்லோ வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அதையே மறுபடி சொன்னார்கள்: அதிகாரி தன் கருத்தைச் சொல்லலாம், வற்புறுத்தி வாதாடலாம், ஆனால் தன் அதிகாரத்தைக் காட்டி மூன்றாவது ஆளை மிரட்டி ஒருவர் பேச்சை நசுக்கக் கூடாது. அடுத்த மாதமே மர்த்தி வழக்கில், கொரோனா காலத்தில் வெள்ளை மாளிகை சமூக ஊடகக் கம்பெனிகளை நெருக்கியது என்ற புகார் வந்தபோது, எங்கள் பதிவு போனதற்கு அந்த அதிகாரிதான் காரணம் என்று மனுதாரர்கள் காட்டவில்லை என்று சொல்லி வழக்கையே உள்ளே விடவில்லை. பதிவை எடுத்தது கம்பெனியா, கம்பெனியின் காதில் ஓதிய அதிகாரியா என்று நிரூபிப்பது அவ்வளவு கஷ்டம். நம் ஊரிலும் அதே கஷ்டம்தான். உங்கள் வீடியோ ஒரு நாள் காலையில் இல்லாமல் போனால், ‘எங்கள் விதிமுறைக்கு முரண்’ என்று ஒரு வரி வரும். பின்னால் யார் இருந்தார்கள் என்று தெரியாது.

அமெரிக்கத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் அங்கே பிரித்த அந்த இரண்டு, கருத்துச் சொல்வதும் மிரட்டுவதும், நமக்கும் உதவும். அந்த அலுவலகம் தன் பக்கத்தில் ‘தொட்டி இன்ன தேதியில் கழுவப்பட்டது, இதோ பதிவேடு’ என்று படத்தோடு பதில் போட்டிருந்தால் நானே அதைப் பகிர்ந்திருப்பேன். உங்களைக் கூப்பிட்டு ‘தப்பா சொல்லியிருக்கப்பா, இதப் பாரு’ என்று தாளைக் காட்டியிருந்தால் அதிலும் குற்றம் இல்லை. வாக்கியத்தில் ‘இல்லைன்னா’ என்று ஒரு சொல் வந்து, அதற்குப் பின்னால் கேஸ், ரேஷன் கார்டு, பட்டா, அப்பாவின் வேலை என்று ஏதாவது தொங்கினால், அது பேச்சு இல்லை, அதிகாரத்தை அதற்கில்லாத காரியத்துக்குப் பயன்படுத்துவது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. போன் வந்த தேதி, நேரம், எண், சொன்ன வார்த்தை, இதை ஒரு நோட்டில் இன்றைக்கே எழுதி வையுங்கள், ஞாபகம் ஒரு வாரத்தில் மங்கிவிடும். அப்புறம் அதே எண்ணுக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள்: “ஐயா, இன்ன தேதி காலை பேசி வீடியோவை நீக்கச் சொன்னீர்கள். எந்தச் சட்டப்பிரிவின்படி என்பதை எழுத்தில் தந்தால் பரிசீலிக்கிறேன். வீடியோவில் தவறான தகவல் இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திவிடுகிறேன்.” இந்த நாலு வரிக்குப் பிறகு பெரும்பாலும் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. வீடியோவின் மூலக் கோப்பைச் செல்போனில் அப்படியே வையுங்கள், வெட்டாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தொட்டி கழுவிய பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்த நகல் வந்த பிறகு வீடியோவை மறுபடி போட்டால் யாரும் ‘வதந்தி’ என்று வாயைத் திறக்க முடியாது.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும், தொட்டி மேல் ஏறியது சரியில்லை. குடிதண்ணீர்த் தொட்டி, பூட்டி வைக்க வேண்டிய இடம், அதை வைத்து உங்கள் மேல் வேறு விதமாகப் புகார் எழுதலாம். அடுத்த முறை கீழே இருந்து எடுங்கள், குழாயில் வருகிற தண்ணீரை ஒரு வெள்ளை டம்ளரில் பிடித்துக் காட்டினாலே போதும்.

ஸ்டேஷனுக்கு வா என்று போனில் கூப்பிட்டால், எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் பிஎன்எஸ்எஸ் 35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முறையாகச் சேர்ந்ததாக ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் கையில் வந்தால் கண்டிப்பாகப் போக வேண்டும், தனியாகப் போகாதீர்கள்.

போனால், மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடத்துக்கு முன், தறிக்கூடத்தில் வேலை பார்க்கிற ஒரு பையன், சாக்கடை பற்றி ஒரு வீடியோ போட்டு இதே மாதிரிக் கூப்பிடப்பட்டான். எனக்குத் தகவல் வருவதற்குள் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். ‘நான் தவறான செய்தி பரப்பிவிட்டேன், இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன்’ என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியது. கேஸ் இல்லை என்று சொல்லித்தான் எழுத வாங்கினார்கள், அன்றைக்குக் கேஸும் போடவில்லை. எட்டு மாதம் கழித்து, அதே தெருவில் தண்ணீர் வரவில்லை என்று அவன் இன்னொரு வீடியோ போட்டபோது, அந்த அரைப் பக்கத்தின் ஜெராக்ஸ் மேசை மேல் வந்தது. ‘இவன் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவன்.’ வீடியோவில் சாக்கடை அப்படியே இருந்தது, அதைப் பற்றி அந்த அறையில் யாரும் பேசவில்லை. அந்த நீல மை எழுத்து, கடைசி வரியில் நடுங்கிப் போயிருந்த அவன் கையெழுத்து, இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வாட்ஸ்அப் குழு அட்மின்கள் சிலரும் இதே பயத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு வரி. உறுப்பினர் போட்டதற்கு அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் குற்றவாளி ஆக மாட்டீர்கள் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-இலும் கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும் சொல்லியிருக்கின்றன.

தம்பி, நீங்கள் எடுத்துவிட்ட வீடியோ செல்போனில் இன்னும் இருக்கிறது என்றால் அதையும், போன் வந்த நேரம் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நாலரை மணிக்கு மேல் கோர்ட் வாசல் டீக்கடையில் இருப்பேன். வரும்போது ஒரு பத்து ரூபாய் ஸ்டாம்ப் வாங்கி வந்தால், தகவல் மனுவை அங்கேயே எழுதித் தபாலில் போட்டுவிடலாம்.